பொய்க்கனம்

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருகிறவன் பெட்டியில் பாதி இடம் அடுத்தவனுக்குச் சொந்தம். நவநீதன் இந்த முறை இழுத்துவந்த பெட்டியிலும் பால் பவுடர், அத்தர், தைலப் புட்டிகள், ஒரு மிக்சி ஜார் என்று பாதிக்கு மேல் ஜெய்னுலாபுதீனின் சாமான்தான். இருவரும் அங்கே ஒரு சரக்கு விமான நிறுவனத்தின் ஹேங்கரில், அதாவது விமானங்களைப் பழுது பார்க்கும் பெரிய கொட்டகையில், வருடக்கணக்காகப் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவர்கள். ஜெய்னுலாபுதீனுக்குத் திருமலைராயன்பட்டினம், நவநீதனுக்குக் கோவில்பத்து. யார் விடுப்பில் வந்தாலும் மற்றவர் வீட்டுக்குப் பார்சல் போகும். திரும்பும்போது அங்கிருந்து ஒரு பார்சல் வரும். இந்தப் போக்குவரத்தில் மனைவிமார் இருவரும் நெருங்கிப் பழகிவிட்டார்கள் என்பது நவநீதனுக்குத் தெரியும். எவ்வளவு நெருக்கம் என்பதுதான் தெரியாது.

பெட்டியில் அடங்காத ஒன்றையும் அவன் கொண்டுவந்திருந்தான். அது ஒரு கேள்வி. குடும்பத்தை அழைத்து வைத்துக்கொள்ளும் தகுதி அவனுக்கு இப்போதுதான் கிடைத்திருந்தது. மனைவி மங்கையர்க்கரசியையும் மகள் தமிழ்மொழியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். போனில் கேட்டபோது மங்கை, "பாக்கலாம்ங்க" என்றாள். நேரில் கேட்டால் வாயெல்லாம் பல்லாகச் சரி என்பாள் என்று நினைத்துக்கொண்டு வந்து இறங்கினான். வந்த அன்றைக்கே கேட்டான். புன்னகையோடு அதே "பாக்கலாம்ங்க"தான் வந்தது.

நம் பக்கத்தில் "பாக்கலாம்" என்றால் ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. கேட்டவர் மனம் கோணக்கூடாது என்பதற்காகவே இருக்கிற சொல். யோசித்துப் பார்த்தால் மங்கையின் பேச்சு எல்லாமே சில வருடங்களாக அப்படித்தான் ஆகியிருந்தது. எப்படி இருக்கே என்றால் "நல்லாருக்கோம்ங்க". மழை கொட்டுதாமே என்றால் "லேசாத்தாங்க". பாப்பாவுக்குக் காய்ச்சலாமே என்றால் "அது அப்பவே சரியாயிடுச்சுங்க". குறை சொல்லத் தெரியாத மனைவி தனக்கு வாய்த்திருக்கிறாள் என்று நவநீதன் ஹேங்கரில் பீற்றிக்கொண்டதுகூட உண்டு. மனுசனுக்குப் பெருமைப்பட வேறு காரணம் கிடைக்கவில்லை.

ஒரு சாயங்காலம் தமிழ்மொழி டியூஷனுக்குப் போனதும் இருவரும் பைக்கில் கடற்கரைக்குப் போனார்கள். மங்கை மின்துறை அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். அன்றைக்கு அலுவலகத்திலிருந்து நேரே வந்திருந்தாள். சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "ஜெய்னுலாபுதீன் அண்ணன் போன்ல எப்பப் பாத்தாலும் பொய்க்கனம் பொய்க்கனம்னு சொல்லிச் சிரிக்கிறாரே, அது என்னங்க?" என்று கேட்டாள். தன் வேலையைப் பற்றி அவளாக ஒரு கேள்வி கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. நவநீதனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சுண்டலை மறந்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தான்.

பெரிய விமானத்தின் இறக்கை ஓரத்திலும் வாலிலும் கதவு மாதிரி ஆடுகிற பலகைகள் உண்டு. அவை அசைந்தால்தான் விமானம் திரும்பும், ஏறும், இறங்கும். அந்த வேகத்தில் அடிக்கிற காற்றை எதிர்த்து அந்தப் பலகைகளை மனிதக் கையால் அசைக்க முடியாது. ஆகவே ஓட்டுகிறவர் பிடியை இழுக்கும்போது அவர் பலகையை அசைப்பதில்லை. பலகைக்குப் பக்கத்தில் இருக்கிற விரல் தண்டி வால்வு ஒன்றைத்தான் அசைக்கிறார். அது திறந்ததும், கார் டயரில் இருப்பதைப்போல நூறு மடங்கு அழுத்தத்தில் குழாயில் காத்துக்கிடக்கிற எண்ணெய் பாய்ந்து வந்து ஒரு இரும்புத் தண்டைத் தள்ளும். தண்டு பலகையைத் தள்ளும். சொன்ன இடத்துக்குப் பலகை வந்து சேர்ந்ததும் வால்வு தானாக மூடிக்கொள்ளும். ஊதா நிறத்து எண்ணெய். கண்ணில் ஒரு சொட்டுப் பட்டால் ஆளைக் குதிக்க வைத்துவிடும். அதற்கு மூன்று தனித்தனி வழிகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று ஒழுகிப்போனாலும் மற்ற இரண்டும் விமானத்தைக் கொண்டுவந்து சேர்க்கும்.

"நம்ம மதகு மாதிரிதான்னு வச்சுக்கயேன். திருகுறது ஒரு ஆளு, பாயுறது ஆறு. ஆத்தோட வேகம் அந்த ஆளு கைக்குத் தெரியுமா?"

தெரியாதுதான் என்று மங்கை தலையாட்டினாள்.

அதில்தான் ஆபத்து என்றான் அவன். கனம் தெரியாத கை அளவில்லாமல் இழுத்துவிடும். வேகமாகப் போகையில் அப்படி இழுத்தால் வால் பிய்ந்துபோனாலும் போகும். அதனால் பிடிக்கு அடியில் ஸ்பிரிங்கும் எண்ணெய் அழுத்தமும் வைத்து ஒரு கனத்தைத் தாங்களாகச் செய்து கொடுக்கிறார்கள். வேகம் கூடக்கூட அந்தக் கனமும் கூடும். ஓட்டுகிறவருக்குக் காற்றோடு மல்லுக்கட்டுகிற மாதிரியே இருக்கும். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு நல்ல பெயர் இருக்கிறது. ஆனால் ஜெய்னுலாபுதீன் வைத்த பெயர்தான் ஹேங்கரில் தமிழ் பேசுகிறவர்கள் எல்லாரிடமும் நிலைத்துவிட்டது.

மங்கை கடலைப் பார்த்தபடி கேட்டாள்.

"அப்ப வெளியில காத்து எப்படி அடிக்குதுன்னு அவரு கைக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாது. தெரியுற மாதிரி இருக்கும்."

"கைக்கு வர்றது பொய்னு அவருக்குத் தெரியுமா?"

"படிச்சிருப்பாங்கல்ல, தெரியும். ஆனா ஓட்டுறப்ப அந்த நெனப்பு இருக்காது. பழகிடும்."

மங்கை சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று நவநீதன் கேட்டிருக்கலாம். தன் விளக்கம் அவ்வளவு நன்றாக இருந்ததாக நினைத்துக்கொண்டு சுண்டலுக்குத் திரும்பினான்.

அவள் எதை நினைத்துச் சிரித்தாள் என்பதைச் சொல்ல வேண்டுமானால் கஜா புயல் அடித்த வருடத்துக்குப் போக வேண்டும். அந்த ராத்திரி மங்கை போனில் அழுதாள். மாடிக் கொட்டகைத் தகரம் பறந்துவிட்டது, பக்கத்துத் தென்னை சுவரில் சாய்ந்து கிடக்கிறது, குழந்தை பயந்து அலறுகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொடர்பு அறுந்துபோயிற்று. மறுநாள் நவநீதன் வேலைக்குப் போனான். போனது உடம்பு மட்டும்தான். இறக்கைப் பலகையின் இணைப்புகளைச் சரிக்கட்டும்போது அவை அசையாமல் நிற்க ஒரு பின்னைச் செருகுவார்கள். வேலை முடிந்ததும் உருவிவிட வேண்டும். மறந்துவிடாமல் இருக்க அதில் சிவப்பு நாடா தொங்கும். அன்றைக்கு நாடா அறுந்திருந்தது. நவநீதன் பின்னை உள்ளேயே விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

இந்த மாதிரி வேலையில் ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்த்து மறு கையெழுத்துப் போட்டாக வேண்டும். பார்க்க வந்தவர் ஜெய்னுலாபுதீன். உள்ளே டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, பின்னை உருவி நவநீதன் கையில் கொடுத்தார். அது இருந்தபடியே விமானம் கிளம்பியிருந்தால் அந்தப் பலகை அசைந்தே இருக்காது. விஷயம் மேலிடத்துக்குப் போய், கொஞ்ச காலம் அவனுடைய கையெழுத்து அதிகாரத்தைப் பிடித்து வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அப்போதுதான் அவன் மங்கையிடம் அந்த வார்த்தையைச் சொன்னான். வேலை நாளில் கெட்ட சேதி எதையும் தன் காதில் போடக்கூடாது. எதுவாக இருந்தாலும் விடுப்பில் வரும்போது பேசிக்கொள்ளலாம். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சித்தான் சொன்னான். சரிங்க என்றாள் அவள். வெளிநாட்டில் இருப்பவருக்குக் கஷ்டத்தைச் சொல்லக்கூடாது என்பது இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருக்கிற வழக்கம்தான். நவநீதன் அதைச் சட்டமாக்கினான், அவ்வளவுதான். அவள் அந்தச் சட்டத்தை அவனைவிட ஒழுங்காகக் காப்பாற்றினாள். அதன் பிறகு போனில் அவன் கைக்கு வந்தது அவள் செய்து கொடுத்த கனம் மட்டும்தான்.

கடற்கரைக்குப் போன அந்த வார ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஜெய்னுலாபுதீனின் பார்சலை எடுத்துக்கொண்டு திருமலைராயன்பட்டினம் போனார்கள். அவர் மனைவி ஷஃபீனா தடபுடலாகச் சமைத்திருந்தாள். சாப்பாடு முடிந்து இனிப்புக்கு வட்டலப்பம் வந்தது. நவநீதன் முதல் கரண்டியை வாயில் வைத்திருந்தபோது ஷஃபீனா மங்கையின் தோளைத் தொட்டு, "இப்ப ஒடம்பு தேவலையா மங்கை? அதுக்கப்புறம் அந்த டாக்டரம்மாவப் பாத்தியா?" என்று கேட்டாள். மங்கை அவசரமாக, பார்த்தேன், எல்லாம் சரியாகிவிட்டது என்றாள். ஷஃபீனா அதோடு விட்டிருக்கலாம். நல்ல மனசுக்காரி, துக்கம் கேட்காமல் இருந்தால் மரியாதை இல்லை என்று நினைக்கிறவள். அவன் பக்கம் திரும்பினாள்.

"ஒங்களுக்கும் கஷ்டமாத்தாண்ணே இருந்திருக்கும். வயித்துல தங்கியிருந்தா இப்ப நடந்து வெளையாடுற வயசு. அன்னிக்கு ஒங்க போன் வந்தப்ப நான்தான் செல்லைப் புடிச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு கையில டிரிப்ஸ் ஏறுது. அதோட இது எப்படிச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுச்சுங்கிறீங்க. வெளியில வந்து நான்தான் அழுதேன்."

நவநீதன் கரண்டியைக் கீழே வைத்தான். மங்கை அவனைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தாள். எதிரில் ஷஃபீனா அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். தனக்கு ஒன்றுமே தெரியாது என்று சொன்னால் மங்கைக்கு எவ்வளவு அவமானம் என்பது அந்த நிமிடத்தில் அவனுக்கு உறைத்தது. "ஆமாம்மா. சொன்னா. என்ன செய்யுறது" என்றான். குரல்கூடச் சரியாகவே வந்தது. பொய்யைச் செய்து கொடுப்பது இவ்வளவு சுலபமா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பைக்கை எடுத்தான். அந்தப் போன் அவனுக்கு நினைவு வந்துவிட்டது. வீடியோவைப் போடச் சொன்னான். கரண்ட் இல்லைங்க, இருட்டா இருக்கு, வேண்டாம் என்றாள். மின்துறைக்காரி வீட்டிலேயே கரண்ட் இல்லையா, ஊர் உருப்பட்டாப்லதான் என்று கேலி செய்தான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மயங்கி, மெஸ்ஸில் சாம்பார் வாயில் வைக்க முடியவில்லை என்று வெகுநேரம் புலம்பிவிட்டுத்தான் வைத்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் அவன் சாம்பாருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறாள்.

அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் ஓரமாக வண்டியை நிறுத்தினான். மங்கை இறங்கி நின்றாள்.

"எப்ப மங்கை?"

அவள் மறைக்காமல் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய விடுப்பு முடிந்து அவன் போன பிறகு தெரிந்தது. தமிழ்மொழிக்குப் பிறகு இத்தனை வருடம் கழித்துக் கரு தங்கியிருக்கிறது. மூன்று மாதம் தாண்டட்டும், அப்புறம் சொல்லலாம் என்று இருந்தாள். தாண்டியது. அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லலாம் என்று நாள்கூடப் பார்த்து வைத்தாள். அதற்குள் வயிற்றில் வலி வந்து கரு கலைந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் காசியம்மா தமிழ்மொழியைப் பார்த்துக்கொண்டாள். ஷஃபீனா ஆட்டோ பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அலுவலகத்தில் யார் யாரோ மாறி மாறிச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். நல்ல சேதியையும் கெட்ட சேதியையும் சேர்த்து ஒரே நேரத்தில் அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"இந்த லீவுல வந்தப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தாங்க நெனச்சேன். வந்த அன்னிக்கிப் பாப்பாவுக்கு வாங்கிட்டு வந்த டேப்லெட்ட வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் சிரிச்சிக்கிட்டு இருந்தீங்க. அதக் கெடுக்க மனசு வரல. போற அன்னிக்கிச் சொல்லலாம்னா, வேலைக்குப் போற மனுசன். நடுவுல எந்த நாளுங்க அதுக்கு நல்ல நாளு?"

அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தாங்கிக்கொள்ள வசதியாக இருந்திருக்கும். தான் செய்தது தப்பு என்றான். அந்தப் பாழாய்ப்போன பின்னைப் பற்றிச் சொன்னான், பயந்துபோய்ச் சொல்லிவிட்டேன் என்றான். இனிமேல் எதையும் மறைக்க வேண்டாம், என்னென்ன மறைத்தாயோ எல்லாவற்றையும் இப்போதே சொல்லிவிடு என்று கேட்டான்.

"நெறய இருக்குங்க. ஆனா எல்லாம் ஆறிப்போச்சு. இப்பச் சொன்னா ஒங்களுக்கு அது புதுசா இருக்கும். நீங்க அழுவீங்க. நான் ஒங்களத் தேத்தணும். எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல."

அதற்காகத்தான் கூப்பிடுகிறேன், அங்கே வந்துவிட்டால் எல்லாம் பக்கத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம், ஒளிக்கவும் வேண்டாம் மறைக்கவும் வேண்டாம் என்றான். இந்த முறை அவள் "பாக்கலாம்ங்க" என்று சொல்லவில்லை. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நான் வரலைங்க. எனக்கு ஒண்ணுன்னா ஓடி வர்றவங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்க. அங்க நீங்க மட்டுந்தான் இருப்பீங்க."

பல வருடங்களுக்குப் பிறகு அவளிடமிருந்து வந்த முதல் நிஜமான பதில் அது. அதன் கனத்தை அவனால் நின்றபடி தாங்க முடியவில்லை. பைக் சீட்டைப் பிடித்துக்கொண்டான்.

மிச்சமிருந்த விடுப்பில் சண்டை எதுவும் நடக்கவில்லை. மங்கை வேளாவேளைக்குப் பிடித்ததைச் சமைத்தாள். தமிழ்மொழியோடு பட்டம் விட்டான். ஷஃபீனா வீட்டுப் பார்சலை வாங்கிப் பெட்டியில் பாதியை நிரப்பினான். திருச்சி விமான நிலையத்துக்குக் கார் வந்து நின்றபோது மங்கை பழக்கத்தில், "நாங்க நல்லாருப்போம்ங்க, கவலைப்படாமப் போயிட்டு வாங்க" என்றாள். சொல்லி முடித்ததும் சொன்னது அவளுக்கே உறைத்து, தலையைக் குனிந்துகொண்டாள். அவன் அவள் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு ஏறினான்.

ஹேங்கரில் முதல் நாள் அவனுக்குக் கொடுத்தது வால் பலகையின் வேலை. பழைய எண்ணெய்த் தண்டைக் கழற்றிப் புதியதைப் பூட்டி, பின்னைச் செருகிச் சரிக்கட்ட வேண்டும். ஏணியில் ஏறி நின்றான். பின்னைக் கையில் எடுத்தான். மனசு அரசலாற்றுப் பாலத்து ஓரத்தில் நின்றது. பழைய நவநீதனாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு செய்திருப்பான். மனசு சரியில்லை என்று சொல்லி வேலையை விட்டு இறங்குவது ஆம்பளைக்கு அழகில்லை என்று ஊரிலிருந்தே ஒரு நினைப்பு அவனுக்கு. அங்கே இருக்கிற நம் ஆட்கள் எல்லாருக்குமே உண்டு.

அவன் இறங்கினான். ஷிப்ட் மேற்பார்வையாளரிடம் போய், இன்றைக்கு என் மனசு சரியில்லை, இந்த வேலையில் நான் கை வைக்கக் கூடாது என்றான். எப்படியும் ஒரு ஏச்சு விழும் என்று எதிர்பார்த்தான். அவர் அவன் முகத்தை ஒருமுறை பார்த்தார். சரி என்றார். வால் பலகையை ஜெய்னுலாபுதீனுக்கு மாற்றிவிட்டு, அவனைச் சக்கரம் கழற்றுகிற இடத்துக்கு அனுப்பினார். அவர் காபிக் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

சாயங்காலம் மங்கைக்கு வீடியோ போட்டான். இனிமேல் இரண்டு பக்கமும் நிஜத்தைச் சொல்லிப் பழக வேண்டும், முதலில் தானே ஆரம்பிக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். நடந்ததைச் சொன்னான். சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மங்கை எதிரில் உட்கார்ந்து கவனமாகக் கேட்டாள்.

"யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"ஒண்ணும் சொல்லல. வேற வேலை குடுத்துட்டாங்க."

"இது புதுசா வந்த ஏற்பாடா?"

"இல்ல, எப்பவும் உள்ளதுதான். பயிற்சியிலயே சொல்லிக் குடுப்பாங்க, மனசு சரியில்லன்னா வந்து சொல்லிடணும்னு. நம்ம ஆளுங்கதான் யாரும் சொல்றதில்ல."

"புயல் அடிச்சப்பவும் இருந்துச்சா?"

ஆமாம் என்று நவநீதன் தலையை மட்டும் அசைத்தான்.

அன்றைக்கு வீட்டில் கரண்ட் இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் மங்கையின் முகம் நன்றாகத் தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை.

"வந்து ஒரு வார்த்தை சொல்றது, இவ்வளவுதானாங்க?" என்றாள்.